பத்தாவது பொத்தான்

என் தம்பி மனைவியின் கண்ணில் இருப்பதைவிட இல்லாததுதான் முதலில் படும். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், வீடு நிறைய விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, “அண்ணி, இதுல ஒரு பொத்தான் இல்ல” என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதோடு விட்டாளா? எங்கிருந்தோ ஊசி நூல் எடுத்துவந்து, நான் போட்டிருக்கும்போதே தைத்தும் முடித்துவிட்டாள். இவளோடு எனக்கு ஒத்துவராது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவள் வளர்ந்த விதம் அப்படி. அவளுடைய அப்பா ஒரு தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலைந்ததும் அப்பாவும் மகளும் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்துகொண்டே போவார்களாம். கைக்குட்டை, ஒற்றைக் கம்மல், மூக்குக் கண்ணாடி, ஒரு முறை பல்செட்டு. ஒவ்வொன்றையும் உரியவரிடம் சேர்க்கும்வரை அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளாதாம். பல்செட்டுக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்றாம், சொந்தக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வாயே திறக்கவில்லையாம்.

படிப்பு முடிந்ததும் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலைக்குப் போனாள். தைத்து முடித்த சட்டைகள் மேசைமேல் வந்து குவியும். ஒரு நாளைக்கு நானூறு. பொத்தான் விட்டிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எட்டு வருடம் பார்த்தாள். எப்படி முடிகிறது என்று ஒரு நாள் கேட்டதற்கு, “இருக்கறதையே பாத்துட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது அண்ணி. எது இருக்கணுமோ அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாக்கணும்” என்றாள். பெரிய ஞானி. குழந்தை பிறந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று உட்கார்ந்துவிட்டாள்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை விளங்காது. நான் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் கிளார்க். பத்தொன்பது வருடம். எனக்குக் குடும்பம் என்று தனியாக இல்லை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான்கு இரும்பு அலமாரிகள், தம்பி குடும்பம், அவ்வளவுதான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தலைவலி வரும். ஆக, இல்லாததைப் பார்க்கிறவள் அவள் மட்டும் இல்லை. ஆனால் நான் சத்தம் போடுவேன், அவள் போட மாட்டாள்.

தம்பியின் மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கறுப்பாக இருந்ததால் தம்பி வைத்த பெயர். மூன்றரை வயதில் அவளை எங்கள் பள்ளியின் நர்சரி வகுப்பில் சேர்த்தவள் நான்தான். நாற்பது நாள் அந்த வகுப்பில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பு டீச்சர் கெட்டவள் இல்லை, சத்தக்காரி. முப்பத்திரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வாள்? ஒப்பிக்காத குழந்தையைக் கதவோரம் நிற்கவைப்பாள். நாற்பது நாளும் மிளகு கதவோரம் நின்றாள். இரண்டு முறை நின்றபடியே ஈரம் செய்துவிட்டாள். அப்புறம் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அது ஆறு நாள் நீடித்தது. ஏழாம் நாள் என் தம்பி மனைவி பள்ளிக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள்.

“அண்ணி, பேரை எடுத்துடுங்க.”

“என்ன விளையாடுறியா? சேத்துவிட்டது நான். என் மானம் போகும்.”

“எடுத்துடுங்க அண்ணி” என்று அதே குரலில் மறுபடியும் சொன்னாள்.

என் கையாலேயே பதிவேட்டில் கோடு போட்டேன். அலுவலகமே பார்த்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். கோபம் வந்தால் கத்த மாட்டான், ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பான். அன்று மாலை ஏழெட்டு ஸ்குரூ டிரைவர்களையும் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: “சரி. கே.ஜி. சேர்ற வரைக்கும் வீட்லயே சொல்லிக்கொடு. ஆனா அப்ப அவங்க எடுத்துக்கலன்னா மறுபடி அதே நர்சரிதான். அப்ப யார் அழுதாலும் நான் கேக்க மாட்டேன்.” அவள் தலையை ஆட்டினாள். எங்கள் பள்ளியில், வீட்டிலிருந்து நேராக கே.ஜி.க்கு வரும் குழந்தைக்குப் பத்து நிமிடம் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. பேச்சு, வரைதல், எழுத்து, எண்ணிக்கை என்று நான்கு கட்டம். ஒன்றில் ‘போதாது’ விழுந்தாலும் நர்சரி. நர்சரி என்றால் மிளகுக்கு அந்தக் கதவோரம். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பாடம் நடக்கும் லட்சணத்தைப் பார்க்க நான் பல நாள் போனேன். காலை ஒன்பதரைக்குத் தம்பி டூல்ஸ் பையோடு கிளம்பியதும், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்வையை விரிப்பாள். அம்மாவும் மகளும் உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். “ஆண்டவரே, இன்னைக்கும் எங்ககூட வந்து உக்காருங்க.” ஜெபம் அவ்வளவுதான். மிளகு ஒரு ஓரமாக நகர்ந்து உண்மையிலேயே இடம் விடுவாள். அப்புறம் ஒரு கதை. கடல் வேண்டும் என்றால் நீல லைனிங் துணி. புயல் வேண்டும் என்றால் அதன் இரண்டு முனையைப் பிடித்து ஆட்டுவது. நூல்கண்டு அட்டை படகு. எழுத்து எழுத ஸ்லேட்டு கிடையாது, கறுப்புத் துணிமேல் தையல்காரர்களின் சாக்குக்கட்டி. தப்பாக எழுதினால் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டுவாள், எழுத்து போய்விடும். ‘தப்பு’ என்ற வார்த்தை அந்தப் போர்வைமேல் வந்து நான் கேட்டதில்லை. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்து போர்வையை மடித்துவிடுவாள். மொத்தப் படிப்பும் ஒரு சினிமாவின் இடைவேளை வரைக்கும்கூட வராது!

கேள்விக்கு மட்டும் குறைவில்லை. பெரிய வெள்ளம் வந்து, பேழைக்குள் எல்லா மிருகங்களும் ஜோடி ஜோடியாக ஏறிய கதை அன்று.

“கொசுவும் ஏறிச்சாம்மா?”

“ஏறியிருக்கும்.”

“அதை ஏன் வெளியவே விடல?”

என் தம்பி மனைவி தையல் பிரிக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “எனக்குத் தெரியலையே. நாளைக்கு யோசிச்சுப் பாக்கலாமா?” என்றாள். நானாக இருந்தால், பேசாமல் கதையைக் கேள் என்று ஒரு அதட்டு போட்டிருப்பேன்.

எண்ணிக்கைக்கு அவள் வைத்திருந்ததுதான் ஆட்டு விளையாட்டு. ஒரு பழைய கோட்டிலிருந்து வெட்டிய பத்து பெரிய பழுப்புப் பொத்தான்கள். அவைதான் ஆடுகள். இயேசு சொன்ன கதையில் நூறு ஆடு, அதில் ஒன்று தொலைந்துபோகும், மேய்ப்பர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடிப் போவார். சின்ன வாய்க்கு நூறு நுழையாது என்று இவள் பத்தாகக் குறைத்துக்கொண்டாள். தினமும் ஒன்றை எங்கேயாவது ஒளித்துவைப்பாள். மிளகு மீதியை விரல் வைத்து எண்ணுவாள்: “...எட்டு, ஒன்பது. ஒண்ணு காணோம்.” உடனே தேடல். மெஷின் பெடலுக்கு அடியில், செருப்புக்குள், அப்பாவின் டூல்ஸ் பையில். மொத்தம் எத்தனை ஆடு என்று கேட்டால், தேடும்போதும் பதில் ‘பத்து’தான். ஒளித்தவர் இடத்தைச் சொல்லக் கூடாது, தேடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது சட்டம். சில நாள் மிளகு ஒளிப்பாள், அம்மா தேடுவாள்.

விளையாட்டின் கடைசிப் பகுதிதான் என் உயிரை எடுத்தது. தொலைந்தது கிடைத்தால் தனியாகச் சந்தோஷப்படக் கூடாதாம், இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். கதையில் அந்த மேய்ப்பர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னாரே! இவர்களுடைய அக்கம்பக்கம் நான். காலை பத்தரைக்கு, மேசைக்கு முன்னால் பத்து பெற்றோர் நிற்கும் நேரத்தில், தொலைபேசி அடிக்கும்.

“அத்தை, கெடைச்சிடுச்சு!”

அதற்கு நான் ‘சந்தோஷம்’ என்று சொல்ல வேண்டும், அப்படித்தான் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. “சரி சரி, வை” என்பேன். நாற்பது நாள் கதவோரம் ஊமையாக நின்ற குழந்தை, ஃபோனில் கத்துகிறதே என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெற்றோர் நிற்கிறார்களே என்றுதான் தோன்றியது.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நான் ஒரு எண் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று முதல் நூறு வரை, பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக, பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கும். “தேங்க்ஸ் அண்ணி” என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்துப் போனால், மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் அந்தப் புத்தகம்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“என்ன இது? நான் என்ன கல்லு வாங்கியா கொடுத்தேன்?”

“இல்ல அண்ணி, ஒரு நாள் அவசரத்துக்கு வெச்சேன், அப்படியே மறந்துட்டேன். தப்புதான்.”

“நீ நடத்துறது ஆட்டம், படிப்பு இல்ல. அங்க வந்து புள்ள திருதிருன்னு முழிக்கப் போறா. உன் ஆடும் குட்டியும் அங்க எடுபடாது. மறுபடி அந்த நர்சரிலதான் போயி நிப்பா, பாத்துக்கோ.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரல் ஏறவில்லை. “அவ எண்ணுறா அண்ணி. தொலைஞ்சதையும் சேத்து எண்ணுறா. அவ்வளவுதான்” என்றாள். தொலைந்ததைச் சேர்த்து எண்ணினால் அது என்ன கணக்கு? கேட்டுவிட்டு, கதவுப்பிடியில் தொங்கிய என் கைப்பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிளகு கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சண்டையில் இதற்கு என்ன சிரிப்பு என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

மறுநாள் பத்தரைக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சண்டைக்குப் பலன் இருக்கிறது, ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அலமாரிச் சாவியைத் தேடிப் பையின் உள்ளறைக்குள் கைவிட்டபோது வட்டமாக ஒன்று அகப்பட்டது. பழுப்புப் பொத்தான். ஓரத்தில் சின்னதாக உடைந்தது. மிளகுக்குப் பிடித்த ஆடு அது. குழந்தை எதையோ எங்கேயோ போட்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே போட்டு ஜிப்பை இழுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆடு போனால் ஆட்டம் போகும், ஆட்டம் போனால் புத்தகம் திறக்கும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் தோற்க வேண்டும் என்ற ஆசை. என் மேசைக்கு முன்னால் நின்று “எடுத்துடுங்க” என்றாளே, அது என் தொண்டையில் முள்ளாகவே இருந்தது.

ஆட்டம் நிற்கவில்லை. தம்பி ஒரு நாள் பள்ளியின் கேன்டீன் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தவன் சொன்னான். “அந்தப் பொத்தான் தொலைஞ்சதுல இருந்து வீடு வீடா இல்லக்கா. மெஷினைக் கழட்டித் தேடுறா. சோபாத் தையலைப் பிரிச்சுட்டா. நேத்து குப்பைய தரையில கொட்டி விரலால கிளர்றா.”

“டப்பா நெறய பொத்தான் வெச்சிருக்காளே. வேற ஒண்ணை வெச்சா என்ன?”

“அதைத்தான் நானும் சொன்னேன். ‘அது வேற ஆடுங்க’ங்கிறா. என்ன பண்ணச் சொல்ற?”

“மிளகு என்ன சொல்லுது?”

“அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. தினமும் ஒன்பதை எண்ணி வெச்சுட்டு ஃபோன் பக்கத்துல போயி உக்காந்துக்குது.”

கைப்பை என் மடியில்தான் இருந்தது. ஜிப்பைத் திறக்க எத்தனை நேரம் ஆகும்? நான் திறக்கவில்லை. “சரி, பரீட்சை முடியட்டும்” என்றேன். அவன் போன பிறகு மணி பத்தரை ஆனதை ஏனோ கவனித்தேன். அப்புறம் தினமும் கவனித்தேன். தொலைபேசி சும்மாவே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. நடத்துகிறவர் எங்கள் தலைமை ஆசிரியை. நிமிர்ந்த முதுகு, கையில் எப்போதும் மர ஸ்கேல். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். அடிக்க மாட்டார், கோடு போடத்தான் ஸ்கேல். சின்ன மேசை ஒன்று, எதிரில் குழந்தை. பக்கத்தில் படிவத்தோடு நான், அவர் சொல்லச் சொல்ல எழுத. சுவரோரம் நாற்காலியில் குழந்தையின் அம்மா. அறைக்குள் பெற்றோரோ உறவுக்காரரோ வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை டைப் செய்து சுவரில் ஒட்டியவளே நான்தான்.

மிளகு வந்து உட்கார்ந்தாள். ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரியும், யாருக்கு இடம் விடுகிறாள் என்று. பெயர் சொன்னாள். வீட்டைப் பற்றிச் சொன்னாள். கொசுவைப் பற்றி ஸ்கேல் டீச்சரிடமே கேட்டாள், அவர் இருமினார். கறுப்பு அட்டையில் எழுத்துகளைச் சரியாக எழுதினாள். படகு வரைந்தாள். ‘போதும், போதும், போதும்’ என்று மூன்று கட்டத்தையும் நான் நிரப்பினேன். நாற்பது நாள் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை! சுவரோரம் இருந்தவளைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எண்ணிக்கைக்கு ஸ்கேல் டீச்சரிடம் ஒரு தந்திரம் உண்டு. பெட்டியைத் திறந்து பத்து மரக்கட்டைகளையும் முதலில் காட்டுவார். மேசையில் கொட்டும்போது ஒன்றை மட்டும் தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வார். மனப்பாடம் செய்து வந்த குழந்தை பார்க்காமலே பத்து என்று சொல்லி மாட்டிக்கொள்ளும்.

“எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்போம்.”

மிளகு விரல் வைத்து எண்ணினாள். ஒன்பதாவது கட்டையில் விரல் நின்றது. நிமிர்ந்து, “பத்து” என்றாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பத்து.”

ஸ்கேல் டீச்சர் என் பக்கம் திரும்பி, “எண்ணிக்கை, போதாது. எழுதிக்கோங்க” என்றார்.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவள் அம்மாவுக்கும். இருபத்திரண்டு நாளாகக் குழந்தை ஒன்பதைப் பார்த்துக்கொண்டு பத்தை மனசில் வைத்திருக்கிறது. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் ஆட்டைப் பற்றிச் சொன்னால் அது எங்கே என்று அடுத்த கேள்வி வரும். சுவரில் விதி வேறு இருந்தது, வசதியாக. எழுதினேன். ஆமாம், என் கையால்தான் எழுதினேன். சுவரோரம் அவள் இரண்டு கையாலும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. விதிப்படி பேசாமல் இருந்தாள்.

அதற்குள் எதிர் நாற்காலி காலி. மிளகு மேசைக்கு அடியில்.

“ஏம்மா, எழுந்து போகக் கூடாது. வந்து உக்காரு” என்றார் ஸ்கேல் டீச்சர்.

“ஒண்ணு காணோம். தேடணும்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. குப்பைக்கூடை நகர்ந்தது. என் செருப்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஸ்கேல் டீச்சரின் முழங்காலுக்குப் பக்கத்தில் தலை எழும்பியது. அவர் மடியை எட்டிப் பார்த்தாள்.

“கெடைச்சிடுச்சு!”

அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் போன பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார். மிளகு அந்தக் கட்டையை எடுத்து வரிசையில் வைத்து, “பத்து” என்றாள். ஸ்கேல் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பதினாறு வருடமாக அவர் மடிக்குள் எந்தக் குழந்தையும் தேடியதில்லை.

“அப்போ முன்னாடி கண்ணுக்குத் தெரிஞ்சது எத்தனை?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒன்பது.”

“அப்புறம் ஏன் பத்துன்னே?”

“எத்தனை இருக்குன்னுதானே கேட்டீங்க? பத்துதானே இருக்கு. ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதுவும் நம்மளோடதுதானே?”

ஸ்கேல் டீச்சர் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டு ‘போதாது’வை அடித்து, மேலே ‘போதும்’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். “எங்க ஒளிச்சு வெச்சேன்னு ஏன் என்னைக் கேக்கல நீ?” என்று சிரித்தார்.

“ஒளிச்சவங்க சொல்லக் கூடாது. தேடுறவங்கதான் கண்டுபிடிக்கணும்” என்று மிளகு அவருக்குச் சட்டத்தை விளக்கினாள். “நான்கூட எங்க ஆட்டை அத்தை பையில ஒளிச்சு வெச்சிருக்கேன். அத்தை இன்னும்...” என்றவள், சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் என் பையைப் பார்த்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொத்தான் தவறி விழவில்லை, குழந்தை எனக்காக வைத்திருக்கிறது. அத்தையும் தேடட்டும், அத்தையும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று. அதற்குத்தான் தினமும் ஃபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. தன் அம்மா குப்பையைக் கிளறும்போதும், சட்டத்தை மீறக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

பையைத் திறந்தேன். ஜிப்பை இழுத்து, ஓரம் உடைந்த பொத்தானை எடுத்து மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மிளகு குதித்தாள்.

“இப்பத்தான் பாத்தீங்களா அத்தை?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். குழந்தையே எடுத்துக்கொடுக்கிறது. ஆனால் சுவரோரம் இருந்தவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் கை பைக்குள் துழாவாமல் நேராக அந்த ஜிப்புக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள். எட்டு வருடம் நானூறு நானூறு சட்டை பார்த்த கண்.

“இல்லடா. நீ வெச்ச மூணாவது நாளே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் ஃபோன் பண்ணல?”

மிளகு திட்டவில்லை, தெரியாததைக் கேட்டாள், கொசுவைப் பற்றிக் கேட்டது மாதிரி. படிவத்தை எடுத்து அடுக்கினேன், ஏற்கெனவே அடுக்கியிருந்ததை.

வராந்தாவில் என் தம்பி மனைவி என்னை நிறுத்தினாள். பொத்தான் அவள் உள்ளங்கையில் இருந்தது.

“நீங்க பாத்ததுக்கு அப்புறமும் பத்தொம்பது நாள் அண்ணி. நான் குப்பையக் கிளறினேன்.”

“தெரியும்.”

“அந்தப் புள்ளைய மறுபடி அந்தக் கதவோரம் அனுப்பப் பாத்தீங்களே. எனக்கு உங்க மேல கோவம் வருது அண்ணி. ரொம்ப வருது.” அப்போதும் குரல் ஏறவில்லை. அவள் கோபப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். பாதி வழியில் திரும்பி, “அண்ணி, உங்க சட்டையில மேல் பொத்தான் தொங்குது. விழுந்துடும், பாத்துக்கோங்க” என்றாள்.

மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. “ஒரு நிமிஷம் இருங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

“யாரு?”

“அத்தை பேசறேன்.”

“என்ன அத்தை?”

நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

“கெடைச்சிடுச்சு” என்றேன்.

“சந்தோஷம் அத்தை!” என்று அந்தப் பக்கம் கத்தல். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பிறகு மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் ஃபோனை வைக்கவில்லை.